ஆய்வு சொன்னதும் சொல்லாததும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மனச்சோர்வு மாத்திரைகள் பயனற்றவை என அறிவியல் நிரூபித்துவிட்டதாகக் கூறும் கட்டுரை ஒன்றை என் அண்ணன் அனுப்பினார். அது ஆதாரமாகக் காட்டும் 2022ஆம் ஆண்டு ஆய்வைத் தேடினேன், உண்மையாகவே இருக்கிறது. ஓராண்டாக மாத்திரை எடுத்துவரும் அண்ணன், நிறுத்திவிடலாமா என்கிறார். மருத்துவம் படிக்காத நான் இத்தகைய மேற்கோள்களை எப்படி எடைபோடுவது?

மதிவாணன்

அன்புள்ள மதிவாணன்,

ஆய்வு இருக்கிறதா என்று தேடிப் பார்த்தீர்களே, பலர் அதைக்கூடச் செய்வதில்லை. ஆனால் ஆய்வு இருப்பது வேறு, கட்டுரையாளர் சொல்வதையே அதுவும் சொல்வது வேறு. பிரிட்டன் மனநல மருத்துவர் ஜோனா மொன்க்ரீஃப் குழுவினர் 2022 ஜூலையில் ‘மாலிக்யூலர் சைக்யாட்ரி’ இதழில் வெளியிட்ட அந்தக் கட்டுரை, முன்பே வெளிவந்திருந்த 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரோடோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்ற கருதுகோளுக்கு உறுதியான சான்று இல்லை என்ற முடிவுக்கு வந்தது. மாத்திரை எடுத்தவர்கள் தேறினார்களா என்பது அதன் ஆய்வுப் பொருளே அல்ல. உடலில் பாராசிட்டமால் குறைந்து யாருக்கும் காய்ச்சல் வருவதில்லை. இருந்தும் பாராசிட்டமால் காய்ச்சலைத் தணிக்கிறது. மொன்க்ரீஃப் இம்மருந்துகளை நெடுங்காலமாக விமர்சித்து வருபவர்தான். அவருடைய கருத்துக்கு அவர் வேறு ஆதாரங்களைக் காட்டலாம். இந்தக் கட்டுரை அதற்கு ஆதாரமாகாது.

மருந்தின் பலனை அறிய வேண்டுமானால், 2018இல் ‘லான்செட்’ இதழில் சிப்ரியானி குழுவினர் வெளியிட்ட தொகுப்பாய்வைப் பார்க்க வேண்டும். 522 சோதனைகள், 1,16,477 பேர், 21 மருந்துகள். அத்தனை மருந்துகளும் வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தந்தன. ஆனால் சராசரியில் அந்த வேறுபாடு பெரியதல்ல, சோதனைகளில் பெரும்பாலானவை ஏறத்தாழ எட்டு வாரக் காலத்தவை. ஆகவே இதே ஆய்வைக் காட்டி, மருந்து எவரையும் குணமாக்கும், ஆண்டுக்கணக்கில் எடுத்தாலும் பலன் உறுதி என்று எழுதுகிறவர்களும் அதே தவறைத்தான் செய்கிறார்கள். மருத்துவரின் குரலில் பேசுவதால் அவர்களை நாம் கேள்வி கேட்பதில்லை. செரோடோனின் குறைபாட்டுக் கதையை அமெரிக்காவில் வீடுதோறும் கொண்டுசேர்த்ததில் மருந்து நிறுவனங்களின் விளம்பரங்களுக்கும் பங்குண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

எடைபோட மருத்துவப் படிப்பு தேவையில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தேடித் தரும் பப்மெட் தளத்தில் பெரும்பாலான ஆய்வுகளின் சுருக்கம் இலவசமாகக் கிடைக்கிறது; நீங்கள் குறிப்பிடும் 2022 கட்டுரையை முழுமையாகவே படிக்கலாம். எதை அளந்தார்கள், யாரிடம், எவ்வளவு காலம் என்று மட்டும் பார்த்து, மேற்கோள் காட்டியவரின் வாக்கியத்தை அதன் அருகில் வைத்துப் படியுங்கள். அவர் நோய் குணமாவதைப் பற்றிப் பேசும்போது சுருக்கத்தில் அந்தப் பேச்சே இல்லையென்றால், அந்த மேற்கோளை ஒதுக்கிவிடலாம்.

அண்ணனிடம் ஒன்றை உடனே சொல்லுங்கள்: தாமாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, பதற்றம் போன்றவை வரக்கூடும் என்பதால், நிறுத்துவதானாலும் மருத்துவர்கள் அளவைப் படிப்படியாகவே குறைப்பார்கள். இந்த ஓராண்டில் தமக்கு எவ்வளவு பலன் கிடைத்தது, இனியும் தொடர வேண்டுமா, குறைப்பதானால் எவ்வளவு மெதுவாக என்று அவர் தம் மருத்துவரிடமே கேட்கட்டும்.