கரீபியனில் உள்ள செயின்ட் குரோய் தீவில் இடிந்து நிற்கும், காற்றில் சுழன்று கரும்பு பிழிந்த காற்றாலை எப்போது கட்டப்பட்டது என்று பழைய வரைபடங்களைக் கொண்டு சொல்ல முடியுமா?

கட்டிய ஆண்டை வரைபடம் மட்டும் சொல்லாது. ஆனால் எந்த ஆண்டுக்கும் எந்த ஆண்டுக்கும் இடையில் அது எழுந்தது என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். வேலை நிமித்தம் அந்தத் தீவில் சில காலம் இருந்தவன் நான். அங்கே தொற்றிக்கொண்ட பழைய வரைபடப் பித்து இன்னும் விடவில்லை. கரீபியனில் இந்தத் தேடலுக்குச் செயின்ட் குரோயைப் போல வசதியான தீவு வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

காரணம், அதை அளந்த விதம். 1733இல் டென்மார்க் இந்தத் தீவைப் பிரான்ஸிடமிருந்து விலைக்கு வாங்கியது. ஃபிரெடரிக் மோத் ஆளுநராக இருந்தபோது தீவைக் ‘குவார்ட்டர்’ என்ற ஒன்பது வட்டாரங்களாகப் பிரித்தார்கள். சமவெளியில் 3000 அடி நீளம், 2000 அடி அகலம் கொண்ட மனைகளாக அளந்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார்கள். டேனிஷ் அடிக்கணக்கில் ஒரு மனை 150 டேனிஷ் ஏக்கர். குவார்ட்டர் பெயரும் மனை எண்ணும் இன்றைக்கும் அங்கே நிலப் பத்திரங்களில் வருகின்றன.

அதனால் கரும்புத் தோட்டத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடாதீர்கள், எண்ணைப் பிடியுங்கள். உரிமையாளர் மாறினால் பெயரும் மாறலாம். பக்கத்து மனையோடு சேர்த்து விற்றால் ஒரு பெயர் மறைந்தே போகும். ஒரே பெயர் பல தீவுகளிலும் உண்டு. ‘பெட்டிஸ் ஹோப்’ என்று இணையத்தில் தேடினால் ஆன்டிகுவாவின் இரட்டைக் காற்றாலைகள்தாம் முதலில் வந்து நிற்கும். செயின்ட் குரோயிலும் அதே பெயரில் ஒரு தோட்டம் உண்டு.

எண் கிடைத்துவிட்டதா? இனி இரண்டு வரைபடங்களை அருகருகே விரித்துக்கொள்ளுங்கள். முதலாவது 1754இல் யென்ஸ் மிக்கெல்சன் பெக் வெளியிட்டது. இரண்டாவது பீட்டர் லோத்தாரியஸ் ஆக்ஸ்ஹோம் என்ற ராணுவ அதிகாரி செய்தது. தீவின் பாதுகாப்பை ஆராய 1778இல் அனுப்பப்பட்ட இவர் பிற்காலத்தில் ஆளுநராகவும் ஆனார். காற்றால் சுழலும் ஆலைக்கு ஒரு குறி, மாடோ குதிரையோ பூட்டிய ஆலைக்கு வேறொரு குறி என்று இவற்றில் பிரித்துக் காட்டியிருப்பார்கள். உங்கள் மனையில் பெக் கால்நடை ஆலையைக் காட்டி, ஆக்ஸ்ஹோம் காற்றாலையைக் காட்டினால், மாற்றம் அந்த இடைவெளியில் நடந்தது என்று கொள்ளலாம்.

இங்கே எல்லோரும் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஆக்ஸ்ஹோமின் படத்தை 1799ஆம் ஆண்டுப் படம் என்றே நூலகப் பட்டியல்கள் சொல்லும். படத்தின் தலைப்பைப் படித்தால், 1794இல் தயாரித்து 1799இல் வெளியிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். அதில் இல்லாத காற்றாலை 1799 வரை இல்லை என்று எழுதினால் ஐந்து ஆண்டுகளைத் தவறாகக் கணக்கிட்டுவிடுவோம். எந்தப் பழைய வரைபடத்திலும் அச்சான ஆண்டைவிட அளந்த ஆண்டே முக்கியம். அதேபோல, குறி இருக்கும் இடத்தையே ஆலை நின்ற இடம் என்று கொள்ளாதீர்கள். அந்த அளவில் வரையும் குறி உண்மையான கோபுரத்தைவிடப் பல மடங்கு பெரியது. அந்த மனையில் அந்த வகை ஆலை இருந்தது என்பதற்கு மேல் அது எதற்கும் சாட்சியில்லை.

இடத்தை நேரில்தான் பார்க்க வேண்டும். நம் ஊரில் சூபாபுல் என்கிறோமே, அந்த மரம் அங்கே ‘டான்டான்’ என்ற பெயரில் கைவிட்ட கரும்பு வயல்களை மூடிக் கிடக்கிறது. அதை விலக்கி உள்ளே போனால் மேலே குறுகிச் செல்லும் கல் கோபுரம். ஒரு பக்கத்தில் வாசலைவிட ஒடுங்கலாக, உயரமாக ஒரு பிளவு இருக்கும். கரும்பை நசுக்கும் இரும்பு உருளைகளை உள்ளே ஏற்றவும், பழுதானால் வெளியே எடுக்கவும் விட்ட வழி அது. சற்றுத் தள்ளி வட்டமாக மேடு கட்டிய தரை தென்பட்டால் அளவெடுத்துக்கொள்ளுங்கள். கால்நடைகள் சுற்றி வந்த ஆலைத் தளமாக இருக்கலாம். கண்ட உடனே அதைக் காற்றாலைக்கு முந்தியது என்று முடிவு கட்டவும் கூடாது. காற்று நின்ற நாளுக்கென்று இரண்டையும் வைத்திருந்த தோட்டங்கள் உண்டு. சாறு தானாக ஓடிவர வேண்டும் என்பதால் காய்ச்சும் கொட்டகை ஆலைக்குக் கீழே, சரிவில் இருக்கும்.

சில கோபுரங்களின் வாசல் வளைவில் ஆண்டு செதுக்கியிருப்பார்கள். கண்டதும் மகிழ்ச்சி பொங்கும். ஆனால் அது பழுதுபார்த்த ஆண்டாகவும் இருக்கலாம். 1772 ஆகஸ்ட் 31 அன்று அடித்த பெரும்புயல் தீவையே உலுக்கியது. அப்போது அங்கே கணக்கராக இருந்த இளைஞன், பின்னாளில் அமெரிக்காவின் முதல் நிதியமைச்சரான அலெக்சாண்டர் ஹாமில்டன் அதைப் பற்றி எழுதிய கடிதம் புகழ்பெற்றது. இரண்டு வரைபடங்களுக்கும் நடுவில் வந்த புயல் என்பதால், அந்த இடைவெளியில் எழுந்த எந்தக் கோபுரமும் அதன் பிறகு திரும்பக் கட்டியதாக இருக்க இடமுண்டு.

இடைவெளியைக் குறுக்க நில வரிப் பதிவேடுகளுக்குப் போக வேண்டும். 1758 முதல் 1915 வரை ஆண்டுதோறும் மனை வாரியாக எழுதியவை. டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகம் 2017இல் மேற்கிந்தியத் தீவு ஆவணங்களின் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களை இணையத்தில் ஏற்றியது. பதிவேடுகளும் அவற்றில் உண்டு, கட்டணமில்லை. பழைய டேனிஷ் கையெழுத்துப் பழகச் சில வாரங்கள் பிடிக்கும், ஆனால் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் குறைவுதான். உரிமையாளர் இறந்தபோது எடுத்த சொத்து மதிப்பீடு கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஆலையின் மதிப்பைத் தனியே எழுதியிருப்பார்கள்.

அதே மதிப்பீட்டில், ஆலைக்கும் கொப்பரைகளுக்கும் மாடுகளுக்கும் போட்டதுபோலவே, அடிமைப்படுத்தப்பட்ட மனிதர்களுக்கும் பெயர் சொல்லி விலை போட்டிருக்கும். அந்தப் பக்கத்தைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். கோபுரத்தைக் கட்டியதும் இரவு பகலாக உருளைகளுக்குக் கரும்பு கொடுத்ததும் அவர்கள்தாம். உருளையில் சிக்கிய கையை வெட்டி உயிரைக் காக்கவென்று கரீபியன் ஆலைகளில் அருகிலேயே கோடரி வைத்திருந்தார்கள். 1848 ஜூலை 3 அன்று இந்தத் தீவில் விடுதலை அறிவிக்கப்படும் வரை இதுதான் நிலை. வரைபடத்தில் தோட்ட உரிமையாளரின் பெயர் மட்டும் இருக்கிறது. காற்றாலையின் வரலாற்றை எழுதப் போகிறீர்கள் என்றால், மதிப்பீட்டில் உள்ள பெயர்களையும் சேர்த்து எழுதுங்கள்.

விம் தோட்டத்தில் செயின்ட் குரோய் லேண்ட்மார்க்ஸ் சொசைட்டியின் அருங்காட்சியகம் இருக்கிறது. தீவுக்கு நேரில் போனால் முதலில் அங்கே விசாரியுங்கள். குவார்ட்டரையும் மனை எண்ணையும் கருத்துப் பெட்டியில் எழுதினால், இரண்டு வரைபடங்களிலும் அந்த மனையைத் தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.