10 றாத்தல் பாணை நிறுத்துப் பார்த்து, பேக்கரி எடை குறைக்கிறது என்று சொல்லலாமா? எந்தப் பரம்பல், எந்தச் சோதனை?

கேள்வியில் தந்த விவரம்: கொழும்பில் ஒரே பேக்கரியில் வாங்கிய 10 றாத்தல் பாண். கிராமில் 438, 446, 451, 433, 442, 449, 440, 445, 436, 447. இருக்க வேண்டியது 450. புள்ளிவிபரவியல் ஒப்படைக்கு இதை வைத்து என்ன சோதனை செய்வது, ஈருறுப்பா புவசோனா செவ்வனா டீயா, பி பெறுமானம் என்றால் உண்மையில் என்ன என்பது கேள்வி.

பரம்பல்களை ஒரு அலகாகவும் கருதுகோள் சோதனையை வேறொரு அலகாகவும் படிப்பிப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. "பேக்கரி ஒழுங்காகத்தான் செய்கிறது" என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்படியானால் என்னென்ன முடிவுகள் எவ்வளவு அடிக்கடி வரும் என்று சொல்வது பரம்பல். கையில் இருக்கும் முடிவு அந்தப் பரம்பலின் எந்த ஓரத்தில் விழுகிறது என்று பார்ப்பது சோதனை. பேச்சுக்கு வைத்துக்கொண்ட அந்த வாக்கியம்தான் சூனியக் கருதுகோள்.

முதலில் கல்குலேட்டர்கூடத் தேவைப்படாத வழியைப் பாருங்கள். எடையை மறந்துவிட்டு, 450 க்குக் கீழா மேலா என்று மட்டும் எண்ணுங்கள். 9 கீழே, 1 மேலே. எடைகளின் இடையம் (பாதி கீழும் பாதி மேலும் விழும் நடு எண்) 450 என்றால் ஒவ்வொரு றாத்தலும் கீழே விழ வாய்ப்பு 1/2. இது அப்படியே ஈருறுப்புப் பரம்பல். உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்தவர்களுக்கு ஈருறுப்பு விரிவின் குணகங்கள் கைப்பழக்கமாக இருக்கும்: 9 கீழே வர 10 வழி, 10 உம் கீழே வர 1 வழி, மொத்தம் 1024 வழி. 11 ÷ 1024 = 0.011. பேச்சுக்கு வைத்துக்கொண்டது உண்மையானால் இவ்வளவு அல்லது இதைவிட ஓரமான முடிவு வர வாய்ப்பு இது; பி பெறுமானம் அவ்வளவுதான். இதற்குக் குறிச் சோதனை என்று பெயர்.

ஆனால் இதில் 449 உம் 433 உம் ஒரே மாதிரி "கீழே" என்று கணக்காகிறது. எவ்வளவு கீழே என்ற தகவல் வீணாகிறது. அதையும் பயன்படுத்த வேண்டுமானால் டீ சோதனை. சராசரி 442.7. ஒவ்வொரு எடையிலிருந்தும் இதைக் கழித்து வர்க்கித்துக் கூட்டினால் 312.10. அதை 10 ஆல் அல்ல, 9 ஆல் வகுக்க வேண்டும்: 34.68. வர்க்கமூலம் 5.89, இது மாதிரியின் நியம விலகல். இதை 10 இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் நியம வழு 1.86. சராசரி 450 இலிருந்து 7.3 கிராம் கீழே, 7.3 ÷ 1.86 = 3.92. சுயாதீனப் படி 9 (எண்ணிக்கையில் ஒன்று குறைவு), ஒருவால் சோதனை (குறைவை மட்டும் தேடுவது), 5% மட்டம் (சூனியக் கருதுகோள் உண்மையாக இருந்தும் அதைத் தவறாக மறுக்க நாம் விடும் வாய்ப்பு) என்றால் அட்டவணையில் எல்லை 1.833; 1% க்கு 2.821. இரண்டையும் தாண்டிவிட்டது. பி பெறுமானம் ஏறத்தாழ 0.002. ஒரே தரவுதான், தகவலை வீணாக்காததால் சான்று வலுவாகத் தெரிகிறது.

இங்கே பலர் 1.645 ஐ எல்லையாக எடுக்கிறார்கள். அது செவ்வன் பரம்பலின் எண். உண்மையான நியம விலகல் முன்கூட்டியே தெரிந்தால்தான் அது சரி. நாம் அதையும் இந்தப் பத்து றாத்தலிலிருந்தே மதிப்பிட்டோம், அந்த மதிப்பீடும் ஆடும், அதனால் வால் தடிக்கிறது. டப்ளினில் கின்னஸ் மதுவடிசாலையில் வேலை செய்த கொசெட், 1908 இல் "ஸ்டூடன்ட்" என்ற புனைபெயரில் இதை வெளியிட்டார். அவருக்கும் இருந்தது சிறிய மாதிரிகளின் பிரச்சினைதான்.

டீ சோதனை எடைகள் ஏறத்தாழச் செவ்வனாகப் பரம்பியிருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறது. சின்னக் கோணலை அது தாங்கும், ஒரேயொரு பைத்தியக்கார எண்ணைத் தாங்காது. 433 ஐத் தவறுதலாக 343 என்று தட்டச்சு செய்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 433.7 க்கு இறங்குகிறது, குற்றச்சாட்டு வலுக்க வேண்டும்தானே? நியம விலகல் 32 க்கு ஏறி, டீ வெறும் 1.60 ஆகிவிடுகிறது, 5% எல்லையைக்கூடத் தாண்டாது. குறிச் சோதனையோ அசையவே இல்லை, அதே 9 க்கு 1. ஆகவே கணிக்க முன்னர் பத்து எண்களையும் ஒரு கோட்டில் புள்ளிகளாகக் குறித்துக் கண்ணால் பாருங்கள்.

பி பெறுமானம் 0.002 என்பதை "பேக்கரி நேர்மையாக இருக்க வாய்ப்பு 0.2%" என்று எழுத வேண்டாம். பேக்கரியின் சராசரி உண்மையில் 450 ஆக இருந்தால், கீழ்ப்பக்கமாக இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய டீ பெறுமானம் ஏறத்தாழ 1000 இல் 2 தடவை வரும் என்பதே பொருள். நிபந்தனையைத் தலைகீழாக்கினால் வேறு கேள்விக்குப் பதில் சொன்னதாகிவிடும். அமெரிக்கப் புள்ளிவிபரவியல் சங்கம் 2016 இல் வெளியிட்ட அறிக்கையிலும் இந்தப் பிழையான வாசிப்பைத் தனியாகச் சுட்டியிருக்கிறார்கள். பி பெறுமானத்துடன் 95% நம்பிக்கை இடைவெளியையும் கொடுங்கள்: 442.7 ± 2.262 × 1.86 (2.262 என்பது டீ அட்டவணையில் சுயாதீனப் படி 9 க்கான இருவால் 5% எண்), அதாவது 438.5 முதல் 446.9 வரை. குறைவு ஏறத்தாழ 3 கிராமா 11 கிராமா என்பது வாசிப்பவருக்கு உடனே தெரியும். சோதனை சராசரியைப் பற்றியது என்பதையும் மறக்க வேண்டாம். தனியொரு றாத்தல் சட்டப்படி குறைவா என்பது வேறு கேள்வி.

இதுவரை சொன்னது இலகுவான பகுதி. முடிவு கவிழ்வது பெரும்பாலும் நிறுக்கும் இடத்தில். போறணையிலிருந்து வந்த பாண் ஆற ஆற ஈரத்தை இழந்து எடை குறையும்; காலையில் சூடாக நிறுத்ததையும் பின்னேரம் நிறுத்ததையும் கலந்தால் எதை அளந்தீர்கள் என்றே தெரியாது. தராசு 7 கிராம் குறைத்துக் காட்டினால் மேலே செய்த கணக்கு முழுவதும் தராசைப் பற்றியது, பேக்கரியைப் பற்றியது அல்ல. எத்தனை றாத்தல் நிறுத்தாலும் அந்த வழு சுருங்காது. தெரிந்த நிறைக்கல்லை வைத்து முதலில் சரிபாருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், பத்தும் ஒரே நாள், ஒரே குழைத்த மாவிலிருந்து வந்தவையா? அப்படியானால் அவை பத்துச் சுயாதீன அளவீடுகள் அல்ல. அன்றைக்கு மா வெட்டும்போது குறைத்து வெட்டியிருந்தால் பத்தும் சேர்ந்தே குறைந்திருக்கும். அன்றைய பாணைப் பற்றிப் பேசலாம், பேக்கரியின் வழக்கத்தைப் பற்றிப் பேச முடியாது. பத்து நாள், நாளுக்கு ஒன்று என்று வாங்குவதே திறம். ஒருவாலா இருவாலா, எத்தனை றாத்தல் என்பதையும் வாங்கும் முன்னரே எழுதி வையுங்கள். முடிவு பிடிக்கும்வரை இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று நிறுத்துக்கொண்டே போனால் 5% என்ற உறுதிமொழி செல்லாது.

புவசோன் இந்தத் தரவுக்கு வேண்டாம். அது ஒரு காலப்பகுதியில் நடக்கும் சம்பவங்களை எண்ணுவதற்கு. உதாரணத்துக்கு, ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவில் வாரத்துக்குச் சராசரியாக 4 டெங்கு நோயாளர் பதிவாகிறார்கள், இந்த வாரம் 9 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 4 உள்ள புவசோனில் 9 அல்லது அதற்கு மேல் வர நிகழ்தகவு 0.021. அலாரம் அடிக்கும் முன் இரண்டு விஷயம். இப்படி 40 பிரிவுகளைப் பார்த்தால், எங்குமே மாற்றம் இல்லாவிட்டாலும் ஏதாவது ஒன்றில் 9 ஐத் தொட வாய்ப்பு 58% (பிரிவுகள் சுயாதீனம் என்று கொண்டால்). அடுத்து, டெங்கு ஒரு தெருவில் கொத்தாக வரும், மழைக்குப் பின் சராசரியே ஏறும்; புவசோன் கேட்பது சுயாதீனமான சம்பவங்களும் மாறாத வீதமும். உங்கள் வாரத் தரவில் மாறற்றிறன் (நியம விலகலின் வர்க்கம்) சராசரியைவிட மிக அதிகமாக இருந்தால் புவசோனை விட்டுவிடுங்கள்.

மாதிரி அளவுக்கு ஒரு கணக்கு: நியம விலகல் 6 கிராம், 5% ஒருவால், உண்மையான குறைவை 80% தடவை பிடிக்க வேண்டும் என்றால், தேவையான எண்ணிக்கை ஏறத்தாழ 6.2 × 36 ÷ (குறைவின் வர்க்கம்); 6.2 அந்த 5%, 80% இரண்டிலிருந்தும் வருவது, 36 நியம விலகலின் வர்க்கம். 5 கிராம் குறைவுக்கு 9 வருகிறது, டீ பரம்பலுக்காக ஓரிரண்டு கூட்டி 11 எடுங்கள். 2 கிராமுக்கு 56 க்குக் குறையாது. ஆகவே இன்னொரு பேக்கரியில் 10 றாத்தல் நிறுத்து "பொருளுண்மை இல்லை" (பி பெறுமானம் 5% க்குக் கீழே இறங்கவில்லை) என்று வந்தால், அங்கே எடை சரி என்று எழுதாதீர்கள். 2 கிராம் குறைவை அந்த மாதிரி பெரும்பாலும் கண்டுகொண்டிருக்காது.