காளான் போட்டால் புரதம் வந்துவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 34, எடை 58 கிலோ. ஆறு மாதமாக இறைச்சி, முட்டை, பால் மூன்றையும் விட்டுவிட்டேன். இரவில் முட்டைகோஸ், கேரட், குடைமிளகாய், காளான் போட்டு, சோயா சாஸ் ஊற்றி வதக்கி, ஒரு கப் சோற்றுடன் சாப்பிடுகிறேன். முடி கொட்டுகிறது, சோர்வாக இருக்கிறது. புரதம் போதவில்லையா? பவுடர் வாங்கலாமா?
- வாசகி, கோவை

பதில்: உங்கள் வாணலியில் இருப்பதை முதலில் கணக்குப் போட்டுவிடுவோம். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) பரிந்துரை. உங்களுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 48 கிராம் வேண்டும். கோஸ், கேரட், குடைமிளகாய் மூன்றும் சேர்ந்து 200 கிராம் இருந்தாலும் புரதம் இரண்டரை கிராமுக்கு மேல் தேறாது. 100 கிராம் காளானில் 3 கிராம், சோற்றில் 4. ஆக மொத்தம் பத்துக்குள்தான். காளான் மெல்லுவதற்குக் கறி மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். சோயா சாஸிலும் புரதத்தைத் தேடாதீர்கள். ஒரு மேசைக்கரண்டி சாஸில் ஒரு நாளுக்கான உப்பில் கிட்டத்தட்ட பாதி வந்துவிடும்.

காய்கறியை விட வேண்டாம், வாணலியில் பாதி இடத்தை வேறொன்றுக்குக் கொடுங்கள். உலர்ந்த மீல் மேக்கர் 25 கிராம், அதாவது ஒரு கைப்பிடி, 12 கிராம் புரதம் தரும். கொதிநீரில் ஊறவைத்து, இரண்டு முறை அலசி, ஒட்டப் பிழிந்துவிட்டால் அந்த சோயா வாடை போய்விடும். டோஃபு என்றால் கெட்டியானதாக வாங்கி, துணியில் சுற்றி மேலே அம்மிக் குழவியை கால் மணி நேரம் வையுங்கள். தண்ணீர் வடிந்ததும் தனியாகச் சிவக்க வறுத்து, கடைசியில் காயோடு சேருங்கள். 100 கிராமுக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் கிடைக்கும். இறக்கும்போது ஒரு கை வறுத்த வேர்க்கடலை தூவினால் இன்னொரு 7 கிராம்.

எப்போதும் சைனீஸ் மணம்தான் வேண்டுமா என்ன? பீன்ஸ் பருப்பு உசிலியும் வதக்கல்தானே. ஆளுக்கு 30 கிராம் பருப்பு போட்டால் ஆறேழு கிராம் புரதம். ராஜ்மா சேர்ப்பதாக இருந்தால், ஊறவைத்ததை அப்படியே வதக்கிவிடாதீர்கள், குக்கரில் நன்றாக வேகவைத்த பிறகுதான். அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும்.

அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற புரதக் கூறைப் பருப்பு ஈடுகட்டும். ஒரே தட்டில் இரண்டும் இருந்தாக வேண்டும் என்பதில்லை, அன்றைக்குள் வந்தால் சரி. இரவில் 20 கிராம், மற்ற வேளைகளில் சுண்டல், சாம்பார், இட்லி என்று பார்த்துக்கொண்டால் பவுடருக்குத் தேவை இல்லை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள்.

ஆனால் முடி கொட்டுவதையும் சோர்வையும் புரதத்தின் தலையில் மட்டும் கட்டிவிட நான் தயாராக இல்லை. எடை சடாரென்று இறங்கியிருந்தாலும் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்துக் கையிருப்பு), பி12, டிஎஸ்எச் (தைராய்டு) பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். பி12 கையிருப்பு ஆறு மாதத்தில் காலியாகிவிடாது, ஆனால் ஏற்கெனவே குறைவாக இருந்திருக்கலாம். பாலும் இல்லாத உணவு முறைக்கு பி12 மாத்திரை கட்டாயம் வேண்டும், அளவை ரிசல்ட்டைப் பார்த்து மருத்துவர் சொல்வார். தைராய்டு மாத்திரை எழுதித் தந்தால் அதைக் காலையில் வெறும் வயிற்றில் போடுங்கள், அது உடலில் சேர்வதை சோயா குறைக்கும் என்பதால் மீல் மேக்கரை இரவோடு வைத்துக்கொள்ளுங்கள்.