என்எஃப்எஸ் சேமிப்பகத்தின் ஃபெயில்ஓவர் சோதனை: கேள்வி பதில்

கேள்வி: கணிப்புக் கிளஸ்டருக்காக டிஆர்பிடி (இரு சர்வர்களின் வட்டுகளையும் நெட்வொர்க் வழியே ஒரே நகலாக வைத்திருப்பது), பேஸ்மேக்கர் (ஒன்று பழுதானால் சேவையை மற்றதற்கு மாற்றுவது, அதாவது ஃபெயில்ஓவர் செய்வது) கொண்டு இரண்டு என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும்) சர்வர்களை அமைத்திருக்கிறோம். முதல் சர்வரை ஸ்டேண்ட்பை (ஒதுங்கியிருக்கும்) நிலைக்கு மாற்றியபோது சேவை சீராக மற்றதற்குப் போனது. இந்தச் சோதனை போதுமா?

பதில்: போதாது. ஸ்டேண்ட்பை கட்டளை கொடுத்தால் முதல் சர்வர் நினைவகத்தில் இருந்ததையெல்லாம் வட்டில் எழுதி, கோப்பமைப்பை முறையாக அன்மவுண்ட் செய்துவிட்டுத்தான் ஒதுங்குகிறது. உண்மையான பழுது அந்த அவகாசத்தைத் தருவதில்லை. கணிப்பு வேலைகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே சர்வரின் மின்கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். ஐபிஎம்ஐ (சர்வரைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் வசதி) வழியாக மட்டும் ஸ்டோனித் (பழுதான சர்வரைக் கட்டாயமாக நிறுத்தும் ஏற்பாடு) அமைத்தவர்கள் பலர் இங்கேதான் திகைத்துப் போகிறார்கள். மின்சாரம் போனதும் அந்தச் சர்வரின் ஐபிஎம்ஐ கட்டுப்பாட்டுச் சிப்பும் சேர்ந்தே அணைந்துவிடுவதால், மற்ற சர்வர் அதை நிறுத்தியதற்கான உறுதியைப் பெற முடியாமல், சேவையைத் தொடங்காமலே காத்துக் கிடக்கும். மின் இணைப்பைத் துண்டிக்கக்கூடிய பிடியு (மின் விநியோகப் பலகை) ஒன்றை இரண்டாம் நிலை ஸ்டோனித்தாகச் சேர்ப்பதே இதற்கு வழி. அடுத்து, மின்சாரத்தைத் தொடாமல், சர்வர்களுக்கிடையேயான நெட்வொர்க் கேபிள்களை மட்டும் கழற்றுங்கள். இரண்டும் உயிரோடு இருந்து, மற்றது இறந்துவிட்டதாக ஒவ்வொன்றும் நம்பும் அந்த நிலையில்தான் ஸ்பிளிட் பிரெயின் (இரண்டும் ஒரே தரவைத் தனித்தனியே மாற்றத் தொடங்குவது) பிறக்கிறது.

கேள்வி: தரவு இழப்பு இல்லை என்பதை எப்படி உறுதிசெய்வது?

பதில்: இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். எத்தனை நொடியில் சேவை திரும்பியது என்பதைவிட, எழுதியாகிவிட்டது என்று சர்வர் சொன்ன தரவு உண்மையில் இருக்கிறதா என்பதே முக்கியம். ஒவ்வொரு கணிப்பு முனையிலும் சிறு நிரல் ஒன்றை ஓடவிடுங்கள். அது பகிர்வில் தனக்கென்று ஒரு கோப்பைத் திறந்து, வரிசை எண்ணிட்ட வரிகளை எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எஃப்சிங்க் (தரவை வட்டில் எழுதி முடிக்கச் சொல்லும் அழைப்பு) வெற்றி என்று திரும்பிய பிறகே அந்த எண்ணை முனையின் சொந்த வட்டிலும் குறித்துக்கொள்ள வேண்டும். ஃபெயில்ஓவர் முடிந்தபின் சொந்த வட்டில் 4812 வரை குறிப்பு இருந்து, பகிர்வில் உள்ள கோப்பு 4790-இல் நின்றிருந்தால், 22 வரிகள் தொலைந்துவிட்டன. அப்போது முதலில் பார்க்க வேண்டியது எக்ஸ்போர்ட்ஸ் கோப்பு (எதை, எப்படிப் பகிர்வது என்று சர்வருக்குச் சொல்வது): அங்கே அசிங்க் என்ற விருப்பம் இருந்தால், வட்டில் சேருமுன்பே சர்வர் பதில் சொல்லிவிடுகிறது. அடுத்து டிஆர்பிடி, இரு பக்க வட்டுகளிலும் எழுதி முடியும்வரை காத்திருக்கும் புரோட்டோகால் சி-யில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: சேவையின் ஐபி முகவரி சில நொடிகளில் மற்ற சர்வருக்கு மாறிவிடுகிறது, ஆனால் வேலைகள் ஒன்றரை நிமிடம் நிற்கின்றன. ஏன்?

பதில்: என்எஃப்எஸ் 4-இல் கிளையன்ட்கள் தங்கள் பழைய லாக்குகளை (கோப்புப் பூட்டுகளை) மீட்டுக்கொள்வதற்கான கிரேஸ் காலம் அது, லினக்ஸில் இயல்பாக 90 நொடி. குறைப்பதானால் லீஸ் காலத்தையும் (கிளையன்ட் தன் உரிமையைப் புதுப்பிக்க வேண்டிய இடைவெளி) சேர்த்தே குறையுங்கள். கிளையன்ட்களைப் பற்றிய மீட்புக் குறிப்புகள் இரு சர்வர்களுக்கும் பொதுவான வட்டில் இருக்க வேண்டும்.

கேள்வி: மாறியதும் 'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்' (கிளையன்ட் வைத்திருக்கும் கோப்பு அடையாளம் இனி செல்லாது) என்ற பிழை வருகிறது.

பதில்: இரு சர்வர்களின் எக்ஸ்போர்ட்ஸிலும் ஒரே எஃப்எஸ்ஐடி (பகிரும் கோப்பமைப்பின் அடையாள எண்) கொடுங்கள்.

கேள்வி: வேலைகள் தொங்காமலிருக்க, கிளையன்ட்டில் பகிர்வை இணைக்கும்போது சாஃப்ட் மவுண்ட் முறையை வைக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஹார்டு மவுண்டில் நிரல் காத்திருந்து, சர்வர் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சாஃப்ட் மவுண்டில் பிழை திரும்பும். அதைச் சரிபார்க்காத நிரல், பாதி எழுதிய கோப்பை முழுமையானதாக எண்ணி, வேலை வெற்றியுடன் முடிந்தது என்று அறிவித்துவிடும்.