அடுக்கு உலோக வலைகளும் மைக்ரோவேவும்: நெல்லை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

சீரான இடைவெளியில் உலோகக் கட்டங்கள் பதித்த தாள்களை அடுக்கினால், சில அதிர்வெண்கள் கடந்து போகும், சில திரும்பிவிடும். அதைக் கணக்கிடுவது பற்றி வந்த கேள்விகள் இவை.

பாளையங்கோட்டை மாணவி: கேபிள் டி.வி. மாடியிலுள்ள பெரிய டிஷ் முழுக்க ஓட்டை. அலை ஒழுகாதா, ஐயா?

ஒழுகாது அம்மா. 4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 7.5 செ.மீ.; ஓட்டையோ சில மில்லிமீட்டர். தொடர்ச்சியான வலை மின்தூண்டியாக நடந்துகொள்ளும். தனித்தனிச் சதுரங்கள் என்றால் மின்தேக்கி.

வள்ளியூர் ஆய்வு மாணவர்: தாளை மின்தூண்டி, மின்தேக்கியாக வைத்துப் போடும் என் மின்சுற்றுக் கணக்கு ஒரு தாளுக்குச் சரியாக வருகிறது. 1 மி.மீ. இடைவெளியில் மூன்றை அடுக்கினால் முழு அலை மென்பொருளோடு (மின்காந்த அலையைச் சுருக்காமல் முழுதாகக் கணக்கிடுவது) ஒத்துப்போகவில்லை. 10 மி.மீ. கட்டம், 10 கிகாஹெர்ட்ஸ்.

எல்லோரும் வந்து முட்டிக்கொள்ளும் இடம் இது. தாளை அலை தொட்டதும், நேராகப் போகும் அலையோடு, தாளை ஒட்டியே தேய்ந்துபோகும் அலைகளும் பிறக்கின்றன. உங்கள் கட்டத்துக்கு, செங்குத்தாக அலை விழும்போது, அவற்றில் முதலாவது 5 மி.மீ. தள்ளிச் சுமார் 5 சதவீதமாகச் சுருங்கும், 1 மி.மீ. தள்ளியோ 55 சதவீதம் மிச்சம். அதாவது பக்கத்துத் தாளை அது நன்றாகவே தொடுகிறது. உங்கள் சுற்றில் அதற்கு இடமே இல்லை. தேயும் அலைகளையும் சேர்த்துத் தாளுக்கொரு சிதறல் அணி (உள்ளே வரும் அலைகளிலிருந்து வெளியே போகும் அலைகளைத் தரும் எண் அட்டவணை) எழுதி இணையுங்கள். தாளின் ஒருபக்க அலைகளிலிருந்து மறுபக்க அலைகளைத் தரும் பரிமாற்ற அணிகளைப் பெருக்கப் போகாதீர்கள். தேய்வின் எதிர்ப்பக்கம் மடமடவென வளர்ந்து, கணினியின் தசமத் துல்லியத்தைத் தின்றுவிடும்.

அம்பாசமுத்திரம்: மேல்தாளை அரைக் கட்டம் நகர்த்தினால்?

தாள்கள் தள்ளியிருந்தால் ஒன்றும் ஆகாது. நெருங்கியிருந்தால் விடையே மாறும். அச்சடிக்கும்போது நகர்வை அளந்து குறித்துவையுங்கள்.

தென்காசி: கீழே 6 மி.மீ., மேலே 9 மி.மீ. கட்டம். எதை அலகாக எடுப்பது?

இரண்டுக்கும் பொதுவான 18 மி.மீ.யை. 10 கிகாஹெர்ட்ஸில் அலை 42 டிகிரிக்கு மேல் சாய்ந்து விழுந்தால், வேண்டாத திசையிலும் ஒரு கற்றை கிளம்பலாம். எனக்குக் கேட்டால், கட்டங்களைச் சமமாக்குவதே உத்தமம்.

களக்காடு: காற்றில் 10 கிகாஹெர்ட்ஸ் என்று கணக்கிட்டேன், தடித்த கண்ணாடி இழைப் பலகையில் பதித்தால் 6 பக்கம் வருகிறது. அளவீடு தவறா?

அளவீடு சரிதான். ஒருபக்கம் 4.4 மின்கடத்தாமாறிலி (பொருள் மின்புலத்துக்கு எவ்வளவு ஈடுகொடுக்கிறது என்னும் எண்) உள்ள பலகை, மறுபக்கம் 1 உள்ள காற்று: சராசரி 2.7, அதன் வர்க்கமூலம் 1.64. பத்தை அதால் வகுத்துப் பாருங்கள். பலகை மெலிந்தால் இறக்கமும் குறையும்.