ஐயனார் காட்டு விதை

அன்புள்ள ஐயா,

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் மகளிர் குழு ஒன்றை நடத்துகிறேன். பதினான்கு பெண்கள். மூன்று வருடம் நிதி உதவியில் ஓடியது, மார்ச்சோடு முடிந்துவிட்டது. போன மாதம் பயிற்சி என்று வேன் வைத்து, புதுச்சேரிப் பக்கம் பல நாட்டுக்காரர்கள் கூடி வாழும் ஆரோவில்லுக்கு அழைத்துப் போனார்கள். சமூகத் தொழில் செய்கிறவர்கள் இயற்கையைக் கெடுக்காமல் கூடி வாழும் இந்த மாதிரி சூழல் கிராமங்களிடம் நிலைத்து நிற்கக் கற்க வேண்டும் என்றார்கள். காடு அழகுதான். ஆனால் அது வெளிநாட்டுப் பணமும் அரசுப் பணமும் வந்த இடம். எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே கற்க என்ன இருக்கிறது? இன்னொரு நிதி உதவி வருகிறது. வாங்கலாமா என்றும் குழப்பம்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரி,

பணம் வந்தது உண்மை. அதை மறைத்துவிட்டு ஆரோவில்லைப் பாடமாக நடத்துவது நேர்மையில்லை. 1968-இல் தொடங்கும்போது 50,000 பேருக்கான நகரம் என்று திட்டம். இன்றும் அங்கே சுமார் 3,000 பேர்தான். சுற்றுக் கிராமத்து மக்கள் பலர் அங்கே வேலைக்குப் போய் வருகிறவர்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

ஆனால் அங்கே வேலை எந்த வரிசையில் நடந்தது என்று பாருங்கள். ஆரோவில் இருக்கும் மேடு அப்போது மொட்டைச் செம்மண். மழை பெய்தால் மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடைகளில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும். பெய்த மழை பெய்த இடத்திலேயே நிற்கட்டும் என்று முதலில் வரப்பு போட்டார்கள். கூடவே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அக்கேசியாவை நட்டார்கள். செத்த மண்ணிலும் மளமளவென்று வளரும், மண்ணில் தழைச்சத்து சேர்க்கும், நிழல் தரும். அந்த நிழலில்தான் காசா, வீரை, கருங்காலி என்று நம் கடற்கரையின் பழைய காட்டு மரங்களை வைத்தார்கள். அவற்றின் விதைக்குப் போன இடங்களில் ஒன்று புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு. சாமிக்குப் பயந்து நம் ஊர்க்காரர்கள் வெட்டாமல் விட்ட காடு அது. நிழல் வெளியிலிருந்து வந்தது, விதை இங்கேயே இருந்தது.

2011 டிசம்பர் 30, தானே புயல். உங்கள் பக்கத்து முந்திரியும் பலாவும் சாய்ந்ததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆரோவில்லிலும் மரங்கள் ஏராளமாக விழுந்தன. சில நாள் கழித்து அந்தப் பாதைகளில் நடந்தேன். கண்ணில் பட்டதில் பெரும்பாலும் அக்கேசியா, வேரோடு புரண்டு கிடந்தது. அதற்கடியில் மெதுவாக வளர்ந்திருந்த நம் மரங்கள் இலை உதிர்ந்து நின்றன, ஆனால் நின்றன.

நிதி உதவியை நான் அந்த அக்கேசியாவாகத்தான் பார்க்கிறேன். கெட்ட மரம் இல்லை. ஒருநாள் சாயும் என்று தெரிந்தே நட வேண்டிய மரம். அதன் நிழலில் என்ன வைத்தோம் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். சுனாமிக்குப் பிறகு கடலூர்க் கடற்கரையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கணக்கு எழுதினேன். மீனவப் பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுத்தோம். துணியை நாங்களே வாங்கினோம், தைத்ததை நாங்களே எடுத்துக்கொண்டோம், கூலி நிதியிலிருந்து போனது. அந்தப் பெண்களில் ஒருவர்கூட ஒரு ஜவுளிக்கடைக்காரரிடம் விலை பேசியதில்லை. பணம் நின்ற மாதமே தையலும் நின்றது. உப்புக்காற்றில் மெஷின்கள் துருப்பிடித்தன. நான் எழுதிய கணக்கில் ஒரு ரூபாய் தவறில்லை. அதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

கொலம்பியாவில் 1971-இல் தொடங்கிய காவியோத்தாஸ் என்ற கிராமம் இந்த நிழல் மர வழியில் இன்னும் ஒரு படி மேலே போனது. எதுவும் சரியாக விளையாத புல்வெளியில் கரீபியன் பைன் நட்டார்கள். அதன் பிசினை வடித்து விற்று ஊர் பிழைத்தது. பைன் நிழலில் அந்த மண்ணின் காடு தானாக முளைத்து வந்தது. நிழல் மரமே சோறும் போட்டது.

உங்களுக்குப் பிசின் எது? முந்திரி ஓடு என்று நினைக்கிறேன். உங்கள் பெண்களின் விரலைப் பொத்துப்போக வைக்கும் அந்த ஓட்டு எண்ணெய் பெயின்டுக்கும் வண்டி பிரேக்குக்கும் மூலப்பொருளாகப் போகிறது. எண்ணெய் எடுத்த சக்கை அடுப்பெரிக்க ஆகும்.

புதிய நிதியை வாங்குங்கள். ஆனால் கூலிக்கு ஒரு ரூபாய்கூட அதிலிருந்து எடுக்காதீர்கள். கூலி முதல் நாளிலிருந்தே பருப்பு விற்ற காசிலிருந்து வரட்டும், அது குறைவாக இருந்தாலும். நிதியை அறுவடைக் காலத்தில் கொட்டை வாங்கிக் காயவைத்து இருப்பு வைக்கச் செலவிடுங்கள். ஐப்பசியில் வியாபாரியிடம் கடனுக்குக் கொட்டை கேட்டு நிற்கும் நிலை வராது. நான் சொன்ன வரப்பு இதுதான். அத்துடன், ஆரோவில்லின் தொழில் கூடங்கள் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பொதுவுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். அத்தனை முடியாவிட்டாலும் பத்தில் ஒரு பங்கைக் குழுவின் பெயரில் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். நிதி தருகிறவர்கள் நூறு ஊருக்கு விரிவாக்கச் சொன்னால் இப்போதைக்கு முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

முந்திரி ஓட்டை இப்போது யாருக்கு விற்கிறீர்கள், மூட்டை என்ன விலை? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.