பிரிக்காத மூன்று கடிதங்கள்

அன்புள்ள அண்ணா,

திருச்சியில் பி.இ. முடித்துவிட்டு அக்டோபர் தொடக்கத்தில் எம்.எஸ். படிக்க ஜெர்மனியில் டோர்ட்மண்ட் வந்தேன். முதல் பத்து நாள் நன்றாகத்தான் இருந்தது. இப்போது வகுப்பு, அறை, போன், தூக்கம், அவ்வளவுதான். நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. வீட்டில் கேட்டால் எல்லாம் நல்லா இருக்கு என்கிறேன். அப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கி அனுப்பியிருக்கிறார், திரும்பி வருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. படிப்பைக் கொஞ்சம் தள்ளிவைத்து வேலைக்குப் போய்க் கடனையாவது அடைக்கலாமா என்று யோசிக்கிறேன். ஜெர்மன் மொழியில் வரும் தபாலைப் பிரிக்கக்கூடப் பயமாக இருக்கிறது, மூன்று கவர் மேஜைமேல் கிடக்கின்றன. தப்பான முடிவு எடுத்துவிட்டேனா அண்ணா?

ம.

அன்புள்ள ம.,

முதலில் அந்த மூன்று கவர். நானும் அங்கே போன முதல் வருடம் இப்படித்தான் ஆறு வாரம் தபாலைப் பிரிக்காமல் இழுப்பறையில் போட்டு வைத்திருந்தேன். இன்சூரன்ஸ்காரர்கள் கேட்ட ஒரு சான்றிதழை அனுப்பாததால் கட்டணத்தை ஏற்றி, நினைவூட்டல் மேல் நினைவூட்டலாக அனுப்பியிருந்தார்கள். எனக்குத் தெரியவே தெரியாது. கடைசியில் அரிசி வாங்கப் போன கடையின் சொந்தக்காரர், எண்பதுகளில் அகதியாக வந்து மொழி கற்றுக் கடை வைத்த ஈழத்தமிழர், கல்லாவுக்குப் பக்கத்தில் தராசைத் தள்ளிவைத்துவிட்டு ஒவ்வொரு கவராகக் கத்தியால் கீறிப் படித்தார். "தம்பி, இதுக்கோ பயந்தனீர்? பல்கலைக்கழகச் சான்றிதழை அனுப்பினால் சரி" என்றார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்று இரவு நான் தூங்கிய தூக்கம் இன்னும் நினைவிருக்கிறது.

உங்கள் மேஜையில் இருப்பது என்னவென்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. முகவரி பதிந்த சில வாரங்களில் ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். டிவி இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. நாலு பேர் சேர்ந்திருக்கும் வீடு என்றால் ஒருவர் கட்டினால் போதும், அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் போட வேண்டும். இன்னொன்று உங்கள் 11 இலக்க வரி எண்ணாக இருக்கலாம். வேலைக்குப் போக வேண்டும் என்கிறீர்களே, சம்பளம் போட முதலாளி முதலில் கேட்பது அதைத்தான்.

வேலை விஷயத்தில் என் கருத்து கறாரானது. வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்ய உங்கள் விசா இடம் கொடுக்கிறது. ஆனால் முதல் செமஸ்டரில் கடனை அடைக்கிறேன் என்று இரவுக் கிடங்கு வேலையில் மாட்டிக்கொண்டு காலை வகுப்பில் தூங்குகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நம்மூர் அரியர் மாதிரி வருடக்கணக்கில் எழுதிக்கொண்டிருக்கலாம் என்று நினைக்காதீர்கள். பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று முறைதான் வாய்ப்பு, மூன்றாவதிலும் போனால் அந்தப் படிப்பே போய்விடும். அப்பா பத்திரத்தை வைத்தது நீங்கள் பட்டம் வாங்கத்தானே. விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுப் பூட்டிவைத்த பிளாக்ட் அக்கவுண்டிலிருந்து மாதாமாதம் வரும் 992 யூரோவில் விடுதி அறையும் மெஸ் சாப்பாடுமாக இந்தக் குளிர்காலத்தை ஓட்டிவிடலாம், சிக்கனமாக இருந்தால். பிப்ரவரித் தேர்வுகள் முடியட்டும், அப்புறம் துறையிலேயே உதவியாளர் வேலை கேளுங்கள்.

இருட்டு. அதற்கு ஒரு காரணமும் உண்டு. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தார்கள் இல்லையா, அதனால்தான் மாலை இன்னும் சீக்கிரம் இருட்டுகிறது. அன்றிலிருந்து ஊருக்கும் உங்களுக்கும் இடைவெளி மூன்றரை மணி நேரத்திலிருந்து நாலரை ஆகிவிட்டது. மாலை ஆறுக்கு வகுப்பு முடிந்து போனை எடுத்தால் திருச்சியில் இரவு பத்தரை. தூக்கக் கலக்கத்தில் அம்மா "சாப்பிட்டியா" என்பார், நீங்கள் "ம்" என்பீர்கள், பேச்சு முடிந்தது. காலை எட்டு மணிக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். அங்கே பன்னிரண்டரை, அம்மா அடுப்படியில் இருப்பார், குக்கர் விசில் கேட்கும், பக்கத்து வீட்டுக் கதை வரும். நல்லா இருக்கேன் என்று மட்டும் சொல்லாமல் ஒரு உண்மையையும் சொல்லுங்கள், இங்கே பேச ஆள் இல்லை என்றாவது. அம்மாக்கள் அதைத் தாங்குவார்கள்.

ஆங்கிலத்தில் பாடம் நடப்பதால் ஜெர்மன் இல்லாமலே இரண்டு வருடம் ஓடிவிடும், நீங்கள் தனியாகிப் போவதற்கு அதுவும் ஒரு காரணம். நாளை மதியம் மென்சாவில், அதாவது பல்கலைக்கழக உணவகத்தில், தட்டை எடுத்துக்கொண்டு யாராவது இருக்கிற மேஜைக்குப் போய் "இஸ்ட் ஹியர் ஃப்ராய்?", இந்த இடம் காலியா, என்று கேட்டு உட்காருங்கள். முதல் நாள் அதற்குமேல் பேச வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை கடையெல்லாம் மூடிக் கிடக்கும், அன்றைக்குத்தான் அறை உங்களை விழுங்கும். மாணவர்களுக்கான பயணச் சீட்டான உங்கள் செமஸ்டர் டிக்கெட்டிலேயே ஹாம் நகருக்குப் போகலாம், ரயிலில் அரைமணி நேரம் வராது. அங்கிருந்து பஸ் பிடித்து ஊண்ட்ரோப் போனால் தொழிற்சாலைகளுக்கு நடுவே காமாட்சி அம்மன் கோயில் கோபுரம் தெரியும், 2002-ல் ஈழத்தமிழர்கள் குடமுழுக்கு செய்த கோயில். சாமி கும்பிடாவிட்டாலும் பரவாயில்லை, நாலு பேர் தமிழில் பேசுவதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

முடிவு தப்பா சரியா என்பதை நவம்பர் இருட்டில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள், தேர்வு முடிந்து வெயில் வந்தபின் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போதும் திரும்பத் தோன்றினால் அதையும் பேசலாம். இப்போதைக்கு அந்த மூன்று கவரையும் இன்று இரவே பிரித்துவிடுங்கள். புரியாத பக்கத்தைப் படமெடுத்து மின்னஞ்சலில் அனுப்புங்கள், நான் படித்துச் சொல்கிறேன்.